யாழ்ப்பாணத்தில் டிஸ்கவறி 4 வைத்து ஓடலாமா?

கேள்வி: "2012 லான்ட் றோவர் டிஸ்கவறி 4 டீசல் ஜீப் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் வைத்து ஓடலாமா, அல்லது எல்லாரும் சொல்வதுபோல ரொயோட்டா பிராடோவே எடுப்பதா?"

ஓடலாம். வாகனத்தைக் காற்றில் தாங்கும் எயார் சஸ்பென்ஷன் போய்விடும், வாங்கின கையோடு கழற்றிவிட்டுக் கொயில் ஸ்பிரிங் போடு என்று சொல்பவர்களின் பேச்சை மட்டும் கேட்காதீர்கள். கொயில் போட்ட டிஸ்கவறி 185 மில்லிமீற்றர் நிலத்து உயரத்திலிருந்து 240க்கு எழும்பாது. அந்த எழும்புதலுக்குத்தானே இவ்வளவு காசு கொடுக்கிறீர்கள்?

உங்கள் நிலைமை பெரும்பாலும் இப்படி இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன்: வீடு நகரப் பக்கம், நாளாந்தம் பிள்ளைகளின் பள்ளிக்கூடம், ரியூசன், கோயில் என்று ஐந்தாறு கிலோமீற்றர் ஓட்டம், மாதத்தில் ஒரு தடவை ஏ9 வீதியில் கொழும்பு, விடுமுறையில் தீவுப் பக்கம். வெளிநாட்டில் ஒரு சகோதரம் காசுக்குக் கைகொடுக்கும். இந்த ஓட்டத்தில் டிஸ்கவறிக்கு எதிரி நாலு: உப்பு, கிணற்றுத் தண்ணீர், குறுகிய ஓட்டம், நாட்கணக்கில் சும்மா நிற்பது. மேடு பள்ளத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

முதலில் காற்று. நாலு மூலையிலும் ஸ்பிரிங்குக்குப் பதிலாக நாலு எயார் பாக். காற்றை அடிக்கும் கொம்பிரசர் இடது பக்கம், பின் சில்லுக்கு முன்னால், சேசியோடு ஒட்டி ஒரு பிளாஸ்ரிக் மூடிக்குள் இருக்கிறது. பண்ணைப் பாலத்தில் சோளகம் அடித்து உப்புத் தூறல் ஏறும் காலத்தில் சில்லு இறைக்கும் ஈரமெல்லாம் அந்தப் பக்கம்தான் போகும். ஆனாலும் கொம்பிரசர் தானாகப் பழுதாவது குறைவு. எங்கேயோ ஒரு மூட்டில் சிறு கசிவு இருக்கும். அதை ஈடுகட்ட அது கூடுதல் நேரம் ஓடும், சூடாகும், பிஸ்டன் வளையம் தேயும். கூடவே, ஈரத்தை உறிஞ்சும் வெள்ளை மணிகள் பொடியாகி, காற்றைப் பிரித்துவிடும் வால்வ் புளொக்குகளுக்குள் போய் அடைக்கும். வாகனத்தில் மூன்று வால்வ் புளொக்: முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று, காற்றுத் தாங்கிக்கு ஒன்று. கசிவைத் தேடாமல் கொம்பிரசரை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும். "இரண்டு கொம்பிரசர் மாற்றினேன், திரும்பவும் போச்சு" என்று கோபப்படுபவர்களில் அனேகருக்கு நடந்தது இதுதான்.

கசிவு பார்ப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. வாகனத்தை நிறுத்திப் பூட்டிய பிறகும் சஸ்பென்ஷன் கணினி இடைக்கிடை விழித்து உயரத்தைப் பார்க்கும். ஒரு மூலை இறங்கியிருந்தால் மற்ற மூன்றையும் அதற்குச் சமமாக இறக்கிவிடும். காலையில் நாலு பக்கமும் ஒரே அளவாக இறங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு "எல்லா எயார் பாக்கும் போச்சு" என்று கணக்குக் கொடுப்பார்கள். நம்பாதீர்கள். சமதரையில் நிறுத்துங்கள். எஞ்சினை நிற்பாட்டியபின் சஸ்பென்ஷன் பியூஸைக் கழற்றுங்கள், எது என்பது கைநூலில் இருக்கிறது. நாலு சில்லிலும் நடு மையத்திலிருந்து மட்காட் விளிம்பு வரை அளவு நாடாவால் அளந்து எழுதுங்கள். பன்னிரண்டு மணி நேரம் கழித்து அதே இடத்தில் திரும்ப அளந்தால், இறங்கின மூலைதான் குற்றவாளி. பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து அந்த எயார் பாக்கின் தலைப்பிலும், குழாய் சேரும் மூட்டிலும், வால்வ் புளொக்கிலும் விசிறினால் நுரை தள்ளும் இடம் தெரியும். சில வேளை குழாயின் நுனியில் ஒரு சிறு துண்டை வெட்டித் திரும்பச் செருகுவதோடு வேலை முடிந்துவிடும்.

கொம்பிரசர் மாற்றவே வேண்டியிருந்தால் எஞ்சின் பக்கப் பெட்டியில் இருக்கும் அதன் றிலேயையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய றிலே ஒட்டிக்கொண்டால் கொம்பிரசர் நிற்காமல் ஓடி எரியும். கொம்பிரசரில் முதல் வந்தது ஹிட்டாச்சி, பின்னால் வந்தது ஏஎம்கே. ஹிட்டாச்சியை எடுத்து ஏஎம்கே போட்டால் சஸ்பென்ஷன் கணினியின் மென்பொருளையும் புதுப்பிக்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் புதிய கொம்பிரசரோடும் சஸ்பென்ஷனின் அம்பர் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். சாதாரண ஸ்கானர் எஞ்சின் கோட்டை மட்டுமே காட்டும், சஸ்பென்ஷனைத் தொடாது. ஐஐடி ரூல் போன்ற லான்ட் றோவருக்கென்றே வரும் கருவி ஒன்றை வாகனத்தோடு சேர்த்து வாங்குங்கள்.

உயிர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம். இந்த வாகனம் தானாக இறங்கும். ஜக்கை மட்டும் நம்பி ஒருவரும் கீழே போகக்கூடாது. சேசிக்கு ஸ்ராண்ட் கொடுத்த பிறகுதான் தலை உள்ளே போக வேண்டும். கராஜில் வேலை செய்யும் பொடியனுக்கு இதை நீங்களே வாயால் சொல்லுங்கள்.

இனித் தண்ணீர். குடாநாட்டு நிலத்தின் அடி சுண்ணாம்புக்கல். கேத்தலின் அடியில் படியும் வெள்ளைதான் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் றேடியேற்றருக்குள்ளும் படியும். தண்ணீர் குறைந்திருக்கிறது என்று வாளியோடு வருபவரை மறித்துவிடுங்கள். வடித்த நீரும் செம்மஞ்சள் நிறக் கூலன்றும் சரிபாதி, வேறு எதுவும் வேண்டாம். பச்சைக் கூலன்றைக் கலந்தாலும் பிழை. வி வடிவ எஞ்சினின் நடுப் பள்ளத்துக்குள் இருக்கும் பிளாஸ்ரிக் கூலன்ற் குழாய்கள் வயதோடு வெடிக்கும். முதலில் தெரிவது இனிப்பு மணமும், காய்ந்த இடத்தில் இளஞ்சிவப்புக் கறையும். கறை கண்ட அன்றைக்கே மாற்றினால் குழாய்ச் செலவு. முறிகண்டிக்கு அங்கால் காட்டு ரோட்டில் வெடித்தால் எஞ்சின் செலவு.

உப்புக்கு வருவோம். பண்ணைப் பாதை, புங்குடுதீவுப் பாதை, பொன்னாலைப் பாதை எல்லாம் இரண்டு பக்கமும் கடல்நீர். போய் வந்த அன்றே அடிப்பக்கம் கழுவ வேண்டும், அதுவும் நல்ல தண்ணீரில். தீவில் உறவினர் வீட்டுக் கிணற்றில் கழுவிவிட்டு வந்தோம் என்பது கணக்கில் சேராது, அங்கே கிணறே சவர். உப்பு முதலில் பிடிப்பது உயரம் அளக்கும் சென்சர்களின் செருகிகளை. அடுத்தது முன் கீழ்க் கைகளின் போல்ற்றுகள். சில்லின் சாய்வைச் சரிசெய்யும் அந்தப் போல்ற்றுகள் புஷ்ஷின் இரும்புக்குழாயோடு துருவாகி ஒன்றாகிவிடும். அலைன்மென்ற் செய்யப் போனால் திரும்பாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். வாங்கின மாதமே அந்த நாலு போல்ற்றையும் கழற்றிச் செம்பு கிறீஸ் பூசி மாட்டுங்கள். முன் கீழ்க் கைகள் எப்படியும் தேயும், 2,500 கிலோவுக்கு மேல் எடை. பிரேக் போடும்போது ஸ்ரியறிங் ஒரு பக்கம் இழுத்தால் முதலில் அங்கே பாருங்கள்.

சேர்விஸ் ஸ்ரேஷன்களில் அடிப்பக்கம் கழுவிய பிறகு கழிவு ஒயிலையும் மண்ணெண்ணெயையும் கலந்து விசிறுவார்கள், துருப் பிடிக்காதாம். பழைய லொறிக்கு அது சரியாக இருக்கலாம். இங்கே எயார் பாக், புஷ், குழாய் எல்லாம் றப்பர், ஒயில் பட்டால் ஊதிப்போய் வெடிக்கும். காசு கொடுத்து வாகனத்தைப் பழுதாக்கும் வேலை இது. காரை இறக்கும் முன்பே "கீழே ஒயில் அடிக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள்.

எஞ்சினைப் பற்றி மறைத்துப் பேசுவதில் பயனில்லை. இந்த 3.0 வி6 டீசலின் கிராங்க் பெயாரிங் தேய்ந்து கிராங்க் முறிந்த கதைகள் உலகம் முழுக்க உண்டு. எல்லாவற்றுக்கும் அப்படி ஆகும் என்று இல்லை, ஆனால் ஆகாது என்று சொல்பவர் விற்பவராகத்தான் இருப்பார். உங்கள் கையில் இருப்பது ஒயில் மட்டும். பிரித்தானியாவில் 26,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை ஒயில் என்று கைநூல் சொல்லும். அதை மறந்துவிடுங்கள். இங்கே 8,000, கூடினால் 10,000. ஏறத்தாழ 6 லீற்றர், 5டபிள்யூ-30, புகை வடிகட்டி உள்ள எஞ்சினுக்கான குறைந்த சாம்பல் வகை. ரைமிங் பெல்ற் எப்போது மாற்றியது என்று பில் இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். முன் பெல்ற் ஒன்று, எஞ்சினின் பின்பக்கம் டீசல் பம்புக்கு இன்னொன்று. பின்னதை அனேகர் விட்டுவிடுவார்கள். இழுப்பான், உருளை, வொட்டர் பம்ப் எல்லாம் அதே வேலையில் போகட்டும்.

டீசல் எப்போதும் சுப்பர் டீசல். சாதாரண டீசலில் கந்தகம் கூட. டவுனுக்குள் ஐந்து கிலோமீற்றர் மட்டும் ஓடினால் புகை வடிகட்டி அடைபடும். தன்னைத் தானே எரித்துச் சுத்தமாக்கத் தொடங்கும், நீங்கள் அதற்குள் வீட்டில் கொண்டுபோய் நிற்பாட்டுவீர்கள். எரியாத டீசல் ஒயிலோடு கலந்து ஒயில் மட்டம் ஏறும், ஒயில் தண்ணியாகும், பெயாரிங்குக்கு அதுதான் ஆபத்து. கிழமைக்கு ஒரு தடவையாவது ஆனையிறவுப் பக்கமாக 25 நிமிடம் நிறுத்தாமல் ஓடிவிட்டு வாருங்கள். பற்றறிக்கும் அது நல்லது. 90 அம்பியர்-மணிக்குக் குறைந்த பற்றறி இதற்குப் போதாது. அது தளர்ந்தால் சஸ்பென்ஷன், கியர், கைப்பிரேக் என்று சம்பந்தமில்லாத எச்சரிக்கையெல்லாம் ஒன்றாக வரும். பூட்டி வைத்த வாகனத்தில் 12.4 வோல்ற்றுக்குக் கீழே காட்டினால் முதலில் பற்றறியைச் சார்ஜ் பண்ணுங்கள், கராஜுக்குப் பிறகு போகலாம்.

கியர்பொக்ஸ் ஒயில் "வாழ்நாள் முழுக்கப் போதும்" என்பதை நம்ப வேண்டாம். கியர்பொக்ஸ் செய்த செட்எஃப்பே 80,000 முதல் 120,000 கிலோமீற்றருக்குள் மாற்றச் சொல்கிறது. பிளாஸ்ரிக் அடித்தட்டும் பில்ரரும் ஒரே துண்டு. மட்டம் பார்ப்பது எஞ்சின் ஓடும்போது, ஒயில் 30 முதல் 50 பாகை சூட்டில். ஆறு கியர் உள்ளதில் கியர் நெம்புகோல், எட்டுக் கியர் உள்ளதில் சுழற்றும் குமிழ். 2012 வாகனத்தில் எது என்று உள்ளே ஏறிப் பார்த்தாலே தெரியும். ஒயில் இரண்டுக்கும் வேறு. மின் கைப்பிரேக் பின் டிஸ்க்குக்குள் இருக்கும் சிறிய ட்ரம்மைப் பிடிக்கிறது. மணல் உள்ளே போனால் காதைக் கிழிக்கிற மாதிரிக் கத்தும். வருடம் ஒரு தடவை திறந்து துடைத்துச் சரிசெய்தால் மோட்டார் தப்பும்.

மணற்காட்டு மணலுக்கு ரயர் காற்றை 20 பிஎஸ்ஐக்கு இறக்கி, லோ கியர், தரைக்கேற்ப மாற்றும் குமிழில் மணல் முறை, உயரம் மேலே, அவ்வளவுதான். தாரில் ஏறியதும் உடனே காற்றை அடியுங்கள். ஆனால் ஆனையிறவு, சுண்டிக்குளம் பக்கம் காய்ந்த உப்புத் தரையில் இறங்க வேண்டாம். மேலே பொருக்கு, கீழே களி. இழுக்க உழவு இயந்திரம்தான் வர வேண்டும், அதுவும் புதையும். 700 மில்லிமீற்றர் தண்ணீரில் போகலாம் என்ற எண் ஆற்றுத் தண்ணீருக்கு. கடல்நீரில் அரை அடியும் வேண்டாம்.

வேம்புக்குக் கீழே நிறுத்துபவர்கள் கூரைக் கண்ணாடியின் நாலு மூலையிலும் உள்ள வடிகாலைப் பாருங்கள். வேப்பம்பூ அடைத்தால் மாரி மழை காலடி விரிப்புக்குக் கீழே உள்ள வயர்களில் நிற்கும்.

சாமான் விஷயத்தில் லண்டன் சகோதரம் உதவும், அங்கேயும் ஸ்ரியறிங் வலதில். சேசி இலக்கத்தை அனுப்பி எடுப்பியுங்கள், ஆண்டை மட்டும் சொன்னால் பிழையான சாமான் வரும். பிரான்சிலிருந்தோ கனடாவிலிருந்தோ ஹெட்லைற் மட்டும் எடுக்காதீர்கள். அந்த லைற் வலப்பக்கம் எறியும், இங்கே எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும்.

லைற் என்றதும் இதையும் எழுதாமல் விட முடியவில்லை. வவுனியா தாண்டினால் இரவில் ஏ9இல் கட்டாக்காலி மாடுகள். மழை விட்ட பிறகு சூடான தாரில் வந்து படுத்திருக்கும், கறுப்பு மாடு கடைசி நிமிடம் வரை தெரியாது. காதில் இலக்கத் தகடு உள்ள மாடுகள், சொந்தக்காரர் இல்லாதவை அல்ல. பால் கறக்க மட்டும் தேடிப் போய்க் கூட்டி வருபவர்கள் இரவில் கட்டி வைக்க ஏன் மாட்டார்கள்? டிஸ்கவறியில் இருப்பவர் பாதுகாப்புக் காற்றுப் பையோடு தப்புவார், பின்னால் மோட்டார்சைக்கிளில் வரும் பிள்ளை தப்பாது. மாடு வளர்ப்பவர்களுக்கு எதிரி என்று என்னைத் திட்ட வருபவர்கள் அந்த வீதியில் ஒருதரம் இரவில் போய்விட்டு வந்து எழுதட்டும்.

பிராடோ நல்ல வாகனம், அதைக் குறை சொல்லவில்லை. எந்த ஊரிலும் திறப்பார்கள், சாமான் கிடைக்கும், விற்கவும் சுகம். மேலே சொன்னதைச் செய்ய நேரமோ பொறுமையோ இல்லையென்றால் அதையே எடுங்கள்.

இந்த 2012ஐத்தான் எடுப்பதென்றால், விற்பவருக்கு முதல் நாள் இரவே சொல்லிவையுங்கள், காலையில் எஞ்சினைத் தொட வேண்டாம் என்று. குளிரில் முதல் ஸ்ராட் நீங்கள் போட வேண்டும். அதற்கு முன் பொனற்றில் கை வைத்துச் சூடா என்று பாருங்கள். ஸ்ராட் பண்ணி, கீழ் உயரத்திலிருந்து மேல் உயரத்துக்கு எழும்ப எவ்வளவு நேரம் என்று பாருங்கள். ஒரு நிமிடத்தைத் தாண்டி முக்கிக்கொண்டு நின்றால் கொம்பிரசரும் கசிவும் விலையிலிருந்து கழிய வேண்டும். பிறகு எஞ்சினை நிற்பாட்டிவிட்டு, அளவு நாடாவை எடுங்கள்.