கொசுக்கடி அரிப்புக்கு எதைத் தடவுவது? தேனீ கொட்டி வீங்கினால் ஆண்டிபயாடிக் வேண்டுமா?

கேள்வி: "என் மகனுக்கு 7 வயது. ஒரே அறையில்தான் படுக்கிறோம். கொசு கடித்தால் எனக்குச் சின்னதாகத் தடித்து ஒரு மணி நேரத்தில் அமுங்கிவிடுகிறது. அவனுக்கோ மறுநாள்தான் நன்றாக வீங்குகிறது. மூன்று நான்கு நாள் அரிப்பு விடுவதில்லை. தூக்கத்தில் சொறிந்து புண்ணாக்கிக்கொள்கிறான். எதைத் தடவலாம் டாக்டர்? இன்னொன்று. போன வாரம் என் கணவரின் புறங்கையில் தேனீ கொட்டியது. இரண்டாம் நாள் முழங்கை வரை வீங்கிவிட்டது. ஆண்டிபயாடிக் போடாமல் விட்டது தப்பு என்கிறார்கள் வீட்டில். போட்டிருக்க வேண்டுமா?"

உடனே செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். துணியில் சுற்றிய ஐஸையோ, குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியையோ 10 நிமிடம் வையுங்கள். பிறகு கேலமைன் லோஷன் தடவி, கடித்த இடத்தின் மேல் ஒரு பிளாஸ்திரி ஒட்டிவிடுங்கள். பெரும்பாலான கொசுக்கடிக்கு இவ்வளவு போதும். உங்கள் கணவருக்கு ஆண்டிபயாடிக் தேவைப்பட்டிருக்காது என்றே நினைக்கிறேன். அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ஒரே கொசு கடித்தும் உங்களுக்கு ஒரு மாதிரி, மகனுக்கு வேறு மாதிரி ஆகிறதே, அதற்கு விளக்கம் இருக்கிறது. கொசு ரத்தத்தை உறிஞ்சும்போது, அது உறைந்துவிடாமல் இருக்கத் தன் எச்சிலையும் தோலுக்குள் விடுகிறது. அந்த எச்சிலில் உள்ள புரதங்களை நம் உடல் எதிர்க்கிறது. தோலிலுள்ள மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்பு அணுக்கள், ஹிஸ்டமின் என்ற அரிப்பூட்டும் வேதிப்பொருளை வெளியே விட, 20 நிமிடத்துக்குள் தடிப்பும் அரிப்பும் உச்சத்துக்குப் போய் இறங்கிவிடும். இது முதல் அலை. இரண்டாவது அலை மெதுவாக வருவது. நோய் எதிர்ப்பு அணுக்கள் அந்த இடத்தில் வந்து சேர்ந்து, ஒரு நாள் ஒன்றரை நாள் கழித்துக் கெட்டியான, அரிக்கிற ஒரு முடிச்சை உண்டாக்கும். அது வற்ற ஒரு வாரம்கூட ஆகலாம்.

கென்னத் மெல்லன்பி என்ற பிரிட்டிஷ் பூச்சியியல் அறிஞர் 1946-லேயே இதை ஐந்து படிகளாகப் பிரித்துக் காட்டினார். வாழ்க்கையில் முதல்முறை கடிபடும்போது எதுவும் தெரியாது. அடுத்த படியில் தாமதமாக வரும் வீக்கம் மட்டும் இருக்கும். மூன்றாவதில் உடனடித் தடிப்பு, தாமத வீக்கம் இரண்டும் வரும். நான்காவதில் உடனடித் தடிப்பு மட்டும். ஐந்தாவதில் உடல் பழகிப்போய் எதையும் காட்டாது. உங்கள் கடிதத்தைப் படித்தால் நீங்கள் நான்காம் படியில் இருக்கிறீர்கள், மகன் இரண்டிலோ மூன்றிலோ இருக்கிறான். அவன் உடம்பில் கோளாறு எதுவும் இல்லை, 'ரத்தம் கெட்டிருக்கிறது' என்பதும் இல்லை. வளர வளரக் குறையும். ஆனால் வேறு ஊருக்குப் போய் அங்குள்ள வேறு வகைக் கொசு கடித்தால், பெரியவர்களுக்கும் புதிதாகத் தொடங்கியது போல வீங்கலாம். ஒவ்வொரு வகைக் கொசுவின் எச்சிலும் கொஞ்சம் வேறுபடும்.

சொறிவது பற்றி. "சொறியாதே" என்று 7 வயதுப் பிள்ளையிடம் சொல்லிப் பயனில்லை. தூக்கத்தில் கை தானாகப் போகும். சொறியும்போது உண்டாகும் லேசான வலி அரிப்பு உணர்வைக் கொஞ்ச நேரம் அமுக்குகிறது, அதனால்தான் அவ்வளவு இதமாக இருக்கிறது. ஆனால் காயப்பட்ட தோல் இன்னும் வீங்கி, இன்னும் அரிக்கும். அதனால் அவனிடம் பேசுவதை விட்டுவிட்டு நகத்தைப் பாருங்கள். நுனியில் வெள்ளை தெரியாத அளவுக்கு வெட்டி, முரடாக இல்லாமல் தேய்த்துவிடுங்கள். கடித்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்டுவது எளிய வேலையாகத் தெரியும், ஆனால் குழந்தைகளுக்கு இதைவிட நல்ல தடுப்பு எனக்குத் தெரியாது. நகம் பிளாஸ்திரியில்தான் படும். பகலில் அரிக்கும்போது உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்கவோ, தட்டிக்கொடுக்கவோ சொல்லித் தரலாம்.

அப்புறம் களிம்பு. கேலமைன் தடவியும் அடங்காத முடிச்சுக்கு 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் க்ரீம் நல்லது. அந்த இரண்டாவது அலையை நேரடியாகத் தணிப்பது அதுதான். மெல்லிய படலமாக, ஒரு நாளைக்கு ஒருமுறையோ இரண்டு முறையோ, அதிகபட்சம் ஒரு வாரம். புண்ணான இடத்திலும் முகத்திலும் கண்ணருகிலும் தடவாதீர்கள். மகன் சின்னப் பிள்ளை என்பதால் தொடங்கும் முன் ஒருமுறை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இதில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆண்டிபயாடிக் எல்லாம் ஒரே குழாயில் கலந்துவரும் க்ரீம்கள் கொசுக்கடிக்கு வேண்டவே வேண்டாம். இரண்டு நாளில் மாயம் செய்தது போலத் தெரியும். தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்துபோகும்.

அலர்ஜி மாத்திரை உதவும், ஆனால் எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். செட்ரிசின், லோரடாடின் போன்றவை ஹிஸ்டமினைத் தடுப்பவை. முதல் அலையில்தான் ஹிஸ்டமினுக்குப் பெரிய பங்கு. அதனால் இரண்டாம் நாள் முடிச்சுக்கு இவை பாதி பலன்தான் தரும். பெரியவர்களுக்குச் செட்ரிசின் 10 மி.கி. ஒரு நாளைக்கு ஒரு தடவை என்பது வழக்கமான அளவு. குழந்தைக்கு வயதையும் எடையையும் பார்த்து மருத்துவர் சொல்லும் அளவைத்தான் கொடுக்க வேண்டும். தூக்கம் வரவைக்கும் பழைய வகை மாத்திரைகளை நீங்களாகக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். அலர்ஜி மருந்தையே க்ரீமாகத் தடவுவதும் எனக்கு ஒப்புதல் இல்லை. சிலருக்கு அந்த க்ரீமே ஒத்துக்கொள்ளாமல் புதிதாகத் தடிப்பை உண்டாக்கும்.

பற்பசை, வினிகர், சமையல் சோடா இவற்றைப் பலரும் கேட்பார்கள். தேனீ விஷம் அமிலம், அதனால் சோடா முறிக்கும் என்பது கணக்கு. கொடுக்கு விஷத்தைத் தோலுக்குள் செலுத்திவிட்டது. ஊசி வழியாகப் போன மருந்தைத் தோலுக்கு மேலே எதையோ பூசி முறிக்க முடியுமா? அது போலத்தான் இதுவும். தவிர, சொறிந்து புண்ணான இடத்தில் இவை எரிச்சலை அதிகமாக்கும். சூடு வைத்தால் அரிப்பு போகும் என்பதில் ஓரளவு உண்மை உண்டு. 50 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சில விநாடிகள் மட்டும் சூடு தரும் கருவிகள் அதற்கென்றே இருக்கின்றன. ஆனால் வீட்டில் கரண்டியைக் காய்ச்சி வைப்பது தீக்காயத்தில்தான் முடியும். குழந்தைக்கு ஐஸே போதும்.

சரி, உங்கள் கணவரின் கைக்கு வருவோம்.

தேனீ கொட்டிய இடத்தை உற்றுப் பார்த்தால் கறுப்பாகச் சின்ன முள் ஒன்று நிற்கும், அதன் தலையில் வெளுப்பான ஒரு பை ஒட்டியிருக்கும். தேனீ பறந்துபோன பின்னும் அந்தப் பை தானாகச் சுருங்கி விரிந்து விஷத்தை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். பெரும்பகுதி விஷம் அரை நிமிடத்துக்குள் இறங்கிவிடும். இடுக்கியால் பிடித்தால் பை நசுங்கும், அட்டையால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் நாங்களே சொல்லிக்கொடுத்தோம். 1996-ல் வெளியான ஓர் ஆய்வு, எப்படி எடுத்தாலும் வித்தியாசம் இல்லை, எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதுதான் முக்கியம் என்று காட்டியது. ஆகவே அட்டையைத் தேடிக்கொண்டு நிற்காமல் நகத்தாலேயே எடுத்துவிடுங்கள். கொட்டிய இடத்திலிருந்து வெளியாகும் வாசனை மற்ற தேனீக்களையும் கூப்பிடும் என்பதால், உடனே அங்கிருந்து நகர்ந்துவிட வேண்டும். குளவி பெரும்பாலும் கொடுக்கை விட்டுவிட்டுப் போகாது, திரும்பத் திரும்பக் கொட்டும். கையில் கொட்டியது என்றால் வீக்கம் ஏறும் முன் மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். இதைச் செய்யாமல் பிறகு மோதிரத்தை அறுத்தெடுக்க வேண்டி வருவது உண்டு.

தேனீ, குளவி கொட்டிய பிறகு 10 சென்டிமீட்டருக்கு மேல் பரவும் வீக்கம் பயமுறுத்தும், ஆனால் அது பெரும்பாலும் அலர்ஜி எதிர்வினைதான். இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போய், 5 முதல் 10 நாளில் வடியும். கிருமித் தொற்று இவ்வளவு வேகமாகப் பரவாது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது: கடிபட்டவுடன் வேகமாக வரும் சிவப்பும் வீக்கமும் தொற்றாக இருக்க வாய்ப்பு குறைவு, தொற்றின் அறிகுறி இல்லாவிட்டால் ஆண்டிபயாடிக் வேண்டாம், சிவப்பும் அரிப்பும் 10 நாள் வரைகூட இருக்கலாம். கையை உயர்த்தி வைப்பது, ஐஸ், அலர்ஜி மாத்திரை, வலித்தால் பாரசிட்டமால். இவையே போதும்.

தொற்றை எப்படிக் கண்டுபிடிப்பது? நாள் போகப் போக அரிப்பு குறைந்து வலி கூடினால் சந்தேகப்படுங்கள். தொட்டால் சூடு, சீழ், தேன் நிறப் பொருக்கு, காய்ச்சல், கடித்த இடத்திலிருந்து மேலே ஓடும் சிவப்புக் கோடு, இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள். வீங்கிய இடத்தின் ஓரத்தைப் பேனாவால் சுற்றி வரைந்து, பக்கத்தில் நேரத்தையும் எழுதிவைப்பது நல்ல வழி. நம் நிறத்தோலில் சிவப்பு அவ்வளவு பளிச்சென்று தெரியாது. அதனால் கண்ணை மட்டும் நம்பாமல் புறங்கையை வைத்துச் சூட்டையும் பாருங்கள். மகனுக்குச் சொறிந்த இடத்தில் தேன் நிறப் பொருக்கு தட்டினால் அது தொற்று. அதற்கு மட்டும்தான் ஆண்டிபயாடிக்.

இனி, காத்திருக்கவே கூடாத நிலை. கொட்டிய சில நிமிடங்களிலோ ஒரு மணி நேரத்துக்குள்ளோ உடம்பு முழுக்கத் தடிப்பு, உதடோ நாக்கோ வீங்குதல், குரல் கம்முதல், மூச்சு இழுப்பு, வாந்தி, தலைசுற்றி மயக்கம் என்று வந்தால் அது அனஃபிலாக்சிஸ், உயிருக்கே ஆபத்தான அலர்ஜி. அலர்ஜி மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் இல்லை அது. அதற்கான மருந்து தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி ஒன்றுதான். ஆம்புலன்ஸை அழையுங்கள். ஆளைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சுத் திணறினால் உட்காரவையுங்கள். எழுந்து நடக்க விடாதீர்கள். வாய்க்குள்ளோ தொண்டையிலோ கொட்டினாலும், ஒரே நேரத்தில் நிறையத் தேனீக்கள் கொட்டினாலும், அறிகுறிக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கை முழுக்க வீங்கியவருக்கு அடுத்த முறை அனஃபிலாக்சிஸ் வருமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். வாய்ப்பு சுமார் 5 முதல் 10 சதவீதம். பயந்து வாழ வேண்டியதில்லை, அறிகுறிகளை வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும். ஒருமுறை அனஃபிலாக்சிஸ் வந்தவர்களுக்குச் சங்கதி வேறு. அவர்கள் அலர்ஜி நிபுணரைப் பார்த்து, விஷத்துக்கு உடலைப் பழக்கும் சிகிச்சை பற்றிக் கட்டாயம் கேட்க வேண்டும். அது நன்றாகவே பலன் தருகிறது.

எல்லா அரிப்பும் கொசுக்கடி அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு ஆகிய இடங்களில் அரித்து, இரவில் கூடி, வீட்டில் இன்னொருவருக்கும் இருந்தால் அது ஸ்கேபீஸ் என்ற சிரங்காக இருக்கலாம். எல்லோரும் ஒரே நேரத்தில் மருந்து போட்டால்தான் போகும். வரிசையாக மூன்று நான்கு தடிப்பு என்றால் மெத்தையின் தையல் ஓரங்களைப் பிரித்து மூட்டைப்பூச்சியைத் தேடுங்கள். கம்பளிப்பூச்சி பட்டால் தேய்க்காமல் ஒட்டும் டேப்பை வைத்து எடுத்து, ஒட்டியுள்ள மயிர்களை நீக்குங்கள். நெருப்பெறும்பு கடித்த மறுநாள் வரும் வெள்ளை நுனிக் கொப்புளம் சீழ் போலவே இருக்கும், ஆனால் அதில் கிருமி இல்லை. உடைத்தால்தான் கிருமி உள்ளே புகும். கோடு இழுத்தாற்போல எரிச்சலுடன் கொப்புளம் வந்தால், அது கறுப்பும் ஆரஞ்சுமாக எறும்பு போலிருக்கும் ஒரு சின்ன வண்டின் வேலை. அது கடிப்பதே இல்லை. தோலில் ஊரும்போது அடித்து நசுக்கினால் அதன் உடல் நீர் பட்டு வெந்துபோகும். ஊதித் தள்ளிவிட்டு, பட்ட இடத்தைச் சோப்பால் கழுவுங்கள்.

உண்ணி தோலில் கடித்துத் தொங்கினால் எண்ணெய் ஊற்றாமல், சூடு வைக்காமல், நுனி கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ, பெரிதாகிக்கொண்டே போகும் தடிப்போ, கறுத்த பொருக்கோ வந்தால் உண்ணி கடித்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

மகனின் காலில் ஏற்கெனவே கறுப்புத் தழும்புகள் விழுந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். அவை நிறம் மட்டும்தான், மாதக்கணக்கில் மெதுவாக மங்கும். வெயிலில் போகும்போது மூடியிருக்கும்படி உடுத்தினால் சீக்கிரம் மங்கும். அவற்றுக்கு வெளுக்கும் க்ரீம் எதையும் வாங்கிப் போடாதீர்கள்.