ராஜினாமா கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: ஐயா, ஒரு தனியார் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் எட்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளுக்குக் கடந்த ஓராண்டாக நாங்கள்தான் பயிற்சி கொடுத்தோம். அதன் தவறுகளைத் திருத்தி, சரியான பதிலை எழுதிக் கொடுத்ததில் என் பங்குதான் அதிகம். பன்னிரண்டு பேர் கொண்ட குழுவையே நான் நடத்தினேன். இப்போது அந்தக் குழுவே தேவையில்லை என்கிறார்கள். எனக்குப் பின்னால் சேர்ந்த இருவரை மட்டும் மென்பொருளைக் கண்காணிக்க வைத்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் ராஜினாமா கொடுத்தால் மூன்று மாதச் சம்பளம் தருவார்களாம். கொடுக்காவிட்டால் ‘செயல்திறன் குறைவு’ என்று சொல்லி நீக்கிவிடுவார்களாம். என் உழைப்பில் வளர்ந்த இயந்திரத்தை வைத்து என்னையே விரட்டுவது என்ன நியாயம்? ஆதாரம் வேண்டுமே என்று பயிற்சிக் கோப்புகளை என் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வைத்திருக்கிறேன். வழக்குப் போட்டு வேலையை மீட்க முடியுமா?

பதில்: உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டிய செய்தி ஒன்றுதான்: நீங்கள் இன்னும் ராஜினாமா கொடுக்கவில்லை. கொடுக்காதீர்கள்.

மனக்குறைகளை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். இயந்திரத்தை வைத்து ஆட்களைக் குறைக்கக் கூடாது என்று நம் நாட்டில் எந்தச் சட்டமும் இல்லை. தொழிலை எப்படி மாற்றியமைப்பது என்பது நிர்வாகத்தின் உரிமை, அது நேர்மையான நோக்கத்தோடு செய்யப்படும்வரை அதில் தலையிட முடியாது என்று பாரி நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் அரை நூற்றாண்டுக்கு முன்பே சொல்லிவிட்டது. மென்பொருளுக்கு நீங்கள் எழுதிக் கொடுத்த பதில்களும் உங்களுடையவை அல்ல. வேலையின் பகுதியாக எழுதப்பட்டதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், முதலாளியே உரிமையாளர் என்கிறது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். அந்த வாதத்தில் ஒரு நாளைக்கூட வீணாக்காதீர்கள்.

உங்களை நீக்கலாமா என்பதைவிட எந்தப் பெயரில் நீக்குகிறார்கள் என்பதுதான் முக்கியம். தண்டனையாக அல்லாமல் வேறு எந்தக் காரணத்துக்காக நிர்வாகம் ஒரு தொழிலாளியை வெளியேற்றினாலும் அது ஆட்குறைப்புதான் என்று 1990இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பும் ஏறக்குறைய அதே வரையறையைத்தான் வைத்திருக்கிறது. ஆட்குறைப்பு என்றால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம், வேலையிழந்தவர் புதிய திறன் கற்பதற்கான மறுதிறன் பயிற்சி நிதியிலிருந்து இன்னொரு 15 நாள் ஊதியம் என எல்லாம் உண்டு. ஓராண்டுக்குள் அதே வேலைக்கு ஆள் எடுத்தால் உங்களுக்கு முன்னுரிமையும் உண்டு. தானாக விலகியவருக்கு இவற்றில் எதுவும் கிடையாது. நிறுவனத்தின் கணினியில் ‘சமர்ப்பி’ என்ற பொத்தானை அழுத்திய அந்த நொடியில் அத்தனையையும் நீங்களே விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடும்.

வழக்குக்காக என்னிடம் வரும் கட்சிக்காரர்களில் பெரும்பாலோர் அந்தப் பொத்தானை அழுத்திவிட்டுத்தான் வருகிறார்கள். ‘மிரட்டி வாங்கினார்கள், ஐயா’ என்பார்கள். நம்புகிறேன். ஆனால் மிரட்டலை நிரூபிக்கும் பொறுப்பு மிரட்டப்பட்டவருடையது. அறைக்குள் நடந்த பேச்சுக்குச் சாட்சி இல்லை. ராஜினாமாக் கடிதத்திலோ ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்று இருக்கிறது. மறுநாள் சக ஊழியர்களுக்கு எல்லாருக்கும் நன்றி சொல்லி ஒரு மின்னஞ்சலும் போயிருக்கிறது. கொடுத்த பணத்தை வங்கியில் வாங்கிச் செலவும் செய்திருக்கிறார்கள். ஒருவர் விடைபெறும் நாளில் கேக் வெட்டிய புகைப்படத்தை எதிர்த்தரப்பு ஆவணமாகவே தாக்கல் செய்தது. அதற்குப் பிறகு நான் எழுந்து நின்று என்ன வாதாடுவது? இதைப் படிப்பவர்களில் யாராவது ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால், அது நடைமுறைக்கு வருவதற்கு முன், பணத்தைத் தொடுவதற்கு முன், இன்றே எழுத்தில் திரும்பப் பெறுங்கள். நாளை என்பது தாமதம்.

‘செயல்திறன் குறைவு’ என்ற மிரட்டலுக்கு நீங்கள் பயப்படுவது தெரிகிறது. அந்தப் பயம் தேவையில்லை. விசாரணை இல்லாமல் அப்படிச் சொல்லி நீக்கினால் அதுவும் ஆட்குறைப்புதான், இழப்பீடு தந்தே ஆக வேண்டும். தண்டனையாக நீக்க வேண்டுமென்றால் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்து, விசாரணை நடத்த வேண்டும். எட்டு ஆண்டுகளாக ஊதிய உயர்வு கொடுத்து வந்தவரை ஒரே வாரத்தில் திறமையற்றவர் என்று காட்டுவது எளிதல்ல. நிர்வாகத்துக்கும் இது தெரியும். அதனால்தான் ராஜினாமாவுக்கு இவ்வளவு அவசரம்.

இனி உங்கள் கடிதத்தில் என்னைக் கலங்க வைத்த இரண்டு இடங்கள்.

கோப்புகளைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பியது பெருந்தவறு. அதுவரை நிர்வாகத்திடம் உங்களுக்கு எதிராக எதுவும் இல்லை, இப்போது நீங்களே கொடுத்துவிட்டீர்கள். வாடிக்கையாளர் தகவல் அடங்கிய கோப்பை அனுமதியின்றி வெளியே எடுப்பது ரகசியக் காப்பு விதிமீறல். அதற்காக விசாரணை நடத்தி இழப்பீடே இல்லாமல் பணிநீக்கம் செய்யலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43, 66 பிரிவுகளின் கீழ் போலீஸில் புகாரும் கொடுக்கலாம். நல்ல வழக்குகள் இந்த ஒரு செயலால் தலைகீழாக மாறியதை நான் பார்த்திருக்கிறேன். வழக்குப் போட்டவரே போலீஸ் நிலையத்துக்கு அலைய வேண்டியதாகிவிடும். அந்தக் கோப்புகளைத் திறக்காதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள், பயந்துபோய் அழிக்கவும் செய்யாதீர்கள், அழித்தால் இன்னொரு சந்தேகம் வரும். உடனே ஒரு வழக்கறிஞரிடம் சொல்லி, அவர் மூலமாக ஒப்படையுங்கள். மேலும், அவை உங்கள் வழக்குக்குத் தேவையே இல்லை. இயந்திரத்துக்குப் பயிற்சி கொடுத்தது யார் என்பதை நீதிமன்றம் கேட்கப் போவதில்லை.

இரண்டாவது, ‘குழுவையே நான் நடத்தினேன்’ என்ற வரி. கோபத்தில் எல்லாரும் தங்கள் பொறுப்பைப் பெரிதாக்கித்தான் எழுதுகிறார்கள். நிர்வாகப் பணியில் இருப்பவரும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளரும் ‘தொழிலாளி’ என்ற வரையறைக்குள் வரமாட்டார்கள். நான் மேலே எழுதிய உரிமைகள் எல்லாம் தொழிலாளிக்கு மட்டும்தான். பதவியின் பெயர் முக்கியமல்ல, முதன்மையாகச் செய்த வேலைதான் முக்கியம் என்று உச்ச நீதிமன்றம் 1985இல் சிபா கெய்கி வழக்கில் சொல்லியிருக்கிறது. எனவே மறைக்காமல் எனக்குச் சொல்லுங்கள்: விடுப்புக்கு அனுமதி கொடுத்தீர்களா? மதிப்பீட்டு அறிக்கை எழுதினீர்களா? ஆள் எடுக்கவும் நீக்கவும் உங்களுக்கு அதிகாரம் இருந்ததா? இல்லை, மற்றவர்களைப் போலவே உட்கார்ந்து பதில்களைத் திருத்தியதுதான் அன்றாட வேலை என்றால் நீங்கள் தொழிலாளி. அப்படியானால் அந்த உண்மையை மட்டும் எழுதுங்கள், ‘என் குழு’ என்ற பெருமைப் பேச்சை இனி எந்த மின்னஞ்சலிலும் எழுதாதீர்கள். உண்மையிலேயே அதிகாரம் இருந்தது என்றால் உங்களுக்குப் பணி ஒப்பந்தத்தில் உள்ள நோட்டீஸ் காலச் சம்பளத்துக்கு மேல் கேட்க வலுவில்லை. அப்போது கிடைப்பதைச் சற்று உயர்த்தி வாங்கிக்கொண்டு விலகுங்கள்.

வேலையை மீட்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். அந்தப் பணியிடமே இல்லாதபோது தீர்ப்பாயம் உங்களை எங்கே உட்கார வைக்கும்? பல ஆண்டுகள் இழுத்த பிறகு கிடைப்பது பெரும்பாலும் பணம்தான். அதை இப்போதே பேசி வாங்குங்கள்.

நீங்கள் தொழிலாளி என்ற வகையில் கணக்கு இதுதான். நோட்டீஸுக்கு 1 மாதம், எட்டு ஆண்டுக்கான இழப்பீடு 4 மாதம், மறுதிறன் நிதி அரை மாதம்: குறைந்தபட்சமே ஐந்தரை மாத ஊதியம். உங்களுக்குச் சொல்லியிருப்பது மூன்று. பணிக்கொடை இதில் சேராது. எட்டு ஆண்டுக்கு ஏறக்குறைய 4.6 மாத ஊதியம் தனியாக வர வேண்டும். சமரசத் தொகைக்குள் பணிக்கொடையையும் நுழைத்துப் பெரிய தொகைபோலக் காட்டுவார்கள், கவனமாக இருங்கள். உங்களுக்குப் பின்னால் சேர்ந்த இருவரை வைத்துக்கொண்டது பேரத்தில் உங்கள் கையில் உள்ள வலுவான சீட்டு. ஒரே பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவரே வழக்கமாக முதலில் போக வேண்டும், மாற்றினால் காரணத்தைப் பதிவுசெய்ய வேண்டும் என்பது விதி. பணிக்கொடை தவிர்த்து ஏழு மாத ஊதியம் கிடைத்தால் ஒப்புக்கொள்ளுங்கள் என்பேன். கோப்பு விவகாரம் இருப்பதால் அதற்கு மேல் முறுக்காதீர்கள்.

வெள்ளிக்கிழமைக்கு முன் ஒரே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: ‘இன்ன தேதியில் இன்ன அதிகாரி என்னிடம் ராஜினாமா கேட்டார், எனக்கு விருப்பமில்லை, தொடர்ந்து பணிபுரியத் தயாராக இருக்கிறேன்.’ மூன்று வரி போதும். இயந்திரத்தைப் பற்றியோ நியாயத்தைப் பற்றியோ ஒரு சொல்கூட வேண்டாம். சமரசம் பேச அழைத்தால், தொகை, அது வங்கியில் சேரும் தேதி, குறை எதுவும் குறிப்பிடாத பணி விடுவிப்புச் சான்று, கோப்புகள் தொடர்பாக இனி நடவடிக்கை இல்லை என்ற உறுதி ஆகிய நான்கும் எழுதப்பட்ட ஒப்பந்த வரைவைக் கேளுங்கள். ராஜினாமாவே வேண்டும் என்று அவர்கள் பிடிவாதம் பிடித்தால், அந்த ஒப்பந்தத்தில் இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகு கொடுங்கள், ஒரு மணி நேரம்கூட முன்னதாக வேண்டாம்.