மிகப் பெரிய மார்பகக் குறைப்பு அறுவை: உங்கள் கேள்விகளுக்கு ஒரு பிளாஸ்டிக் சர்ஜனின் பதில்கள்

சின்னத் தழும்போடு முடிக்க முடியாதா?

மிதமான அளவு என்றால் கருவட்டத்தை (காம்பைச் சுற்றியுள்ள கருத்த தோலை) சுற்றி ஒன்று, அங்கிருந்து கீழே நேராக ஒன்று என்று இரண்டு தழும்போடு முடித்துவிடலாம். மிகப் பெரிய மார்பகத்தில் தோலே ஏராளமாக மிஞ்சும். அதை எடுக்க, மார்பின் அடிமடிப்பிலும் ஒரு வெட்டு வேண்டும். மூன்றும் சேர்ந்தால் நங்கூர வடிவம். 1956-ல் வைஸ் என்பவர் பிரா வெட்டும் முறையைப் பார்த்து வரைந்த அச்சுதான் இதற்கு அடிப்படை. தழும்பைக் குறைக்கப் போய் வடிவத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்பேன்.

காம்பை வெட்டி எடுத்து மறுபடி ஒட்டுவார்களாமே? பயமாக இருக்கிறது.

எல்லோருக்கும் அப்படிச் செய்வதில்லை. வழக்கமாகக் காம்பை ஒரு திசுப் பட்டையோடு விட்டுவைத்துத்தான் மேலே ஏற்றுவோம். பெடிக்கிள் என்று பெயர். காம்புக்கு ரத்தமும் உணர்ச்சியும் அதன் வழியாகத்தான் வருகின்றன. இந்தப் பட்டை கீழிருந்தும் வரலாம், மேல்-உள்பக்கத்திலிருந்தும் வரலாம். மார்பகம் மிகவும் தொங்கியிருந்தால் கீழ்ப்பட்டை நீளமாகிவிடும். அதன் நுனிவரை ரத்தம் போய்ச் சேருமா என்பதுதான் கவலை. மேல்-உள்பக்கப் பட்டை பெரும்பாலும் குட்டையாக அமையும், மார்பெலும்பை ஒட்டி வரும் ரத்தக்குழாய்களும் அதில் இருக்கும். என் தேர்வு பெரும்பாலும் இதுதான்.

கழுத்தடிக் குழியிலிருந்து காம்பு வரை டேப் வைத்து அளப்போம். 40 செ.மீ. தாண்டினால் ஒட்டு முறையையும் பேசி வைத்துக்கொள்வது நல்லது. சிகாகோவில் தோரெக் என்ற சர்ஜன் 1922-லேயே எழுதிய முறை அது. நேரம் மிச்சம், ரத்த இழப்பும் குறையும். ஆனால் பாலூட்ட முடியாது, உணர்ச்சி பெருமளவு போய்விடும், கருவட்டத்தில் வெள்ளைத் திட்டுகள் விழலாம். பட்டையோடு தொடங்கிய பிறகும் காம்பு நீலம் பாய்ந்து, தையலைத் தளர்த்தியும் தேறாவிட்டால், ஆபரேஷன் மேஜையிலேயே ஒட்டுக்கு மாறுவோம். அதனால் ஒப்புதல் படிவத்தில் இதுவும் இருக்கிறதா என்று பாருங்கள்.

லைப்போசக்‌ஷன் மட்டும் போதாதா?

போதாது. குழாய் விட்டு உறிஞ்சுவதால் கொழுப்பு போகும், தோல் தொங்கிக்கொண்டே இருக்கும். அக்குள் பக்கம் சீராக்க மட்டும் கூடவே பயன்படுத்துவோம்.

ஒருநாளைக்கு இரண்டு சிகரெட்தான். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். நிகோட்டின் சின்ன ரத்தக்குழாய்களைச் சுருக்கும். காம்பும் தோலும் கருகிப்போகும் ஆபத்து கூடும். முன்னும் பின்னும் குறைந்தது 4 வாரம் நிறுத்துங்கள். நிகோட்டின் பேட்ச், வேப் எல்லாமும் சேர்த்துத்தான்.

கீழே தையல்கள் சேரும் இடம் பிரிந்து நீர் வடிகிறது. மறுபடி தைக்க வேண்டுமா?

அங்கேதான் இழுவிசை அதிகம், அதனால் பிரிவது சகஜம். சின்னப் பிளவு என்றால் டிரெஸ்ஸிங்கிலேயே ஆறிவிடும். காய்ச்சல், சிவப்பு, நாற்றம் என்று ஏதாவது இருந்தால் அன்றைக்கே உங்கள் சர்ஜனிடம் காட்டுங்கள்.

வெட்டி எடுத்த திசுவை என்ன செய்வார்கள்?

வலது, இடது தனித்தனியாக எடை போட்டு, பேர் ஒட்டி, பயாப்சிக்கு அனுப்புவோம். எதிர்பாராத புற்றுநோய் எப்போதாவது அதில் தெரியவரும். ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.