மூன்றாம் நாளும் ருசிக்கும் பாஸ்தா சாலட்

வாசகர் கேள்வி – பதில்

ஒரே நாளில் செய்து, டப்பாக்களில் பிரித்து வைத்து, மூன்று நான்கு நாள் மதிய உணவாக எடுத்துப்போக ஏற்றது பாஸ்தா சாலட். அதைப் பற்றி வந்த கேள்விகளில் பொதுவானவற்றுக்கு இங்கே பதில்.

பாக்கெட்டில் சொன்ன நேரப்படிதான் வேகவைக்கிறேன். செய்த அன்று நன்றாக இருக்கிறது. மறுநாள் திறந்தால் பாஸ்தா விறைத்து, உப்பும் புளிப்பும் தெரியாமல் சப்பென்று கிடக்கிறது. எங்கே தவறு?

சூடாகச் சாப்பிடும் பாஸ்தாவின் கணக்கைக் குளிர்ந்த பாஸ்தாவுக்குப் போட்டிருக்கிறீர்கள். வேகும்போது தண்ணீரைக் குடித்து இளகிய மாவுச்சத்து, குளிரக் குளிர மறுபடி இறுகிக்கொள்ளும். ஃப்ரிட்ஜில் வைத்த சோறு மறுநாள் விறைத்துப் போகிறதே, அதே சங்கதிதான். ஆகவே பாக்கெட்டில் 10 நிமிடம் என்றிருந்தால் 11 அல்லது 12 நிமிடம் வேகவிடுங்கள். கடித்துப் பார்த்தால் நடுவில் வெள்ளைப் புள்ளி இருக்கக்கூடாது. வடிக்கும்போது ‘சற்று அதிகம் வெந்துவிட்டதோ’ என்று தோன்றும். அந்தப் பதம்தான் நாளைக்குச் சரியாக இருக்கும்.

அடுத்தது உப்பு. 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. பலர் இதில் பாதிகூடப் போடுவதில்லை. வேகும் தண்ணீரில் உள்ள உப்புதான் பாஸ்தாவின் உள்ளே போகும். பிறகு மேலே தூவுவது மேலேயே நிற்கும். உணவு குளிர்ந்திருக்கும்போது நாக்குக்குச் சுவையும் மட்டாகவே தெரியும். அதனால் சூட்டில் ருசி பார்க்கும்போது உப்பும் புளிப்பும் ஒரு படி தூக்கலாக இருக்கட்டும்.

வடித்ததும் குளிர்ந்த நீரை ஐந்தாறு விநாடி மட்டும் ஊற்றி அலசுங்கள். சூடான பாஸ்தாவுக்கு இது கூடாது, ஏனென்றால் மேலே ஒட்டியுள்ள மாவுதான் சாஸைப் பிடித்து வைக்கும். சாலட்டில் அதே மாவு ஒன்றோடொன்று ஒட்டி, கட்டி கட்டியாக்கிவிடும். அலசிய பிறகு வடிதட்டை நன்றாக உதறி, அகலமான தட்டில் பரப்பி விடுங்கள். பென்னே மாதிரி குழாய் வடிவங்களின் உள்ளே தண்ணீர் ஒளிந்திருக்கும். அதைக் கவனிக்காமல் விட்டால் டிரெஸ்ஸிங் (சாலட்டில் கலக்கும் எண்ணெய், புளிப்புக் கலவை) நீர்த்துப்போகும்.

இனி டிரெஸ்ஸிங். இலை சாலட்டுக்கு எண்ணெய் 3 பங்கு, புளிப்பு 1 பங்கு என்பார்கள். பாஸ்தா புளிப்பை உறிஞ்சி மழுக்கிவிடும் என்பதால் இங்கே 2 பங்குக்கு 1 பங்கு வேண்டும். 250 கிராம் பாஸ்தா போட்டுச் செய்யும் சாலட்டுக்கு எண்ணெய் 6 டேபிள்ஸ்பூன், எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர் 3 டேபிள்ஸ்பூன், கடுகு பேஸ்ட் 2 டீஸ்பூன், உப்பு 1 டீஸ்பூன், மிளகுத்தூள் 1 டீஸ்பூன். மூடியுள்ள பாட்டிலில் போட்டுக் குலுக்கினால் போதும். எண்ணெயும் சாறும் சீக்கிரம் பிரியாமல் பிடித்து வைப்பது கடுகு பேஸ்ட்தான், அதை விட்டுவிடாதீர்கள்.

இதை மூன்றாகப் பிரியுங்கள். ஒரு பங்கு, பாஸ்தா இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே. ஒரு பங்கு, எல்லாம் ஆறி, மற்றவற்றோடு கலக்கும்போது. கடைசிப் பங்கு ஃப்ரிட்ஜில் தனியாக இருக்கட்டும். சாப்பிடும் முன் டப்பாவுக்கு முக்கால் டேபிள்ஸ்பூன் வீதம் சேர்த்துக் கிளறுங்கள். ‘மறுநாள் சப்பென்று இருக்கிறது’ என்ற குறையை வேறெதையும்விட இந்தக் கடைசிப் பங்குதான் தீர்க்கும். ஆலிவ் எண்ணெய் குளிரில் உறைந்து வெள்ளையாகத் திரளும், கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம்; கால் மணி நேரம் வெளியே இருந்தால் இளகிவிடும்.

பாஸ்தா சாலட் சாப்பிட்டால் நான்கு மணிக்கே பசிக்கிறது. புரதம் எவ்வளவு சேர்க்க வேண்டும்? அளவு சொல்லுங்கள்.

பசிப்பதில் ஆச்சரியம் இல்லை. வழக்கமான செய்முறைகளில் பாஸ்தாதான் முக்கால்வாசி. கோதுமை ரவை பாஸ்தாவில் 100 கிராமுக்கு 12 அல்லது 13 கிராம் புரதம் இருக்கிறது என்பது உண்மைதான், ஆனால் ஒரு வேளைக்கு நாம் போடுவது 60, 70 கிராம். அதிலிருந்து கிடைப்பது 8 கிராம் சொச்சம். மீதியை வேறு பொருள்தான் தரவேண்டும்.

நான்கு டப்பாவுக்கு நாங்கள் பரிந்துரைக்கும் அளவு: பாஸ்தா 250 கிராம் (வேகாதது), வெந்த கொண்டைக்கடலை 300 கிராம், எலும்பில்லாத கோழி நெஞ்சுக்கறி 400 கிராம் (பச்சையாக), காய்கள் 400 கிராம். கோழி வெந்ததும் 300 கிராம் அளவுக்குச் சுருங்கும். அதில் ஏறக்குறைய 90 கிராம் புரதம். கடலையில் 25, பாஸ்தாவில் 31. மொத்தம் 146, டப்பாவுக்கு 36 கிராம் வருகிறது.

கோழிக்குப் பதில் 8 முட்டை போட்டால் டப்பாவுக்கு 26 கிராம். கெட்டி டோஃபு (சோயா பனீர்) 400 கிராம் போட்டால், பிராண்டைப் பொறுத்து, 28 கிராம் அளவில் வரும். பூசணி விதையோ வேர்க்கடலையோ 30 கிராம் தூவினால் இன்னும் 7, 8 கிராம் கூடும். அவற்றை மட்டும் சாப்பிடும்போது தூவுங்கள். முன்பே கலந்தால் நமுத்துவிடும்.

உலர்ந்த கடலை என்றால் 130 கிராம் எடுத்து, 8 மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறவையுங்கள். குழம்புக்கு வேகவைப்பதைவிடக் கூடுதலாக, விரலால் அழுத்தினால் மசியும் வரை வேகட்டும். குளிர்ந்ததும் அதுவும் இறுகும். டின் கடலை என்றால் வடித்து, அலசி, அதன் பிறகு எடை போடுங்கள்.

கோழியைத் துண்டு போட்டு வேகவைக்காதீர்கள், வறண்டுவிடும். முழு நெஞ்சுக்கறியை உப்பு போட்ட தண்ணீரில் மூழ்க வைத்து, தளதளவென்று கொதிக்க விடாமல், ஓரத்தில் சிறு குமிழி வரும் சூட்டிலேயே வேகவிடுங்கள். தடிமனைப் பொறுத்து 12 முதல் 18 நிமிடம் ஆகும். தடித்த பகுதியின் நடுவில் 74 டிகிரி செல்சியஸ் வந்திருக்க வேண்டும். ஆறிய பிறகு நறுக்கினால் சாறு பலகையில் ஓடாமல் கறியிலேயே நிற்கும். டோஃபுவைத் துணியில் சுற்றி 20 நிமிடம் கனம் வைத்துப் பிழிந்து, துண்டு போட்டு, எண்ணெயில் சிவக்க வறுத்துச் சேருங்கள். பிழியாத டோஃபு இரண்டாம் நாளே நீர் விடும்.

டப்பாவின் அடியில் தண்ணீர் தேங்குகிறது. காய்களால்தானே?

ஆமாம், பெரும்பாலும் வெள்ளரியும் தக்காளியும். உப்பு பட்டதும் காயின் உள்ளிருக்கும் நீர் வெளியே வரும். அதை நீங்களே முந்திக்கொண்டு வரவழைத்துவிடுங்கள்: வெள்ளரியை நீளவாக்கில் பிளந்து, விதைப் பகுதியைக் கரண்டியால் சுரண்டி, நறுக்கி, அரை டீஸ்பூன் உப்பு பிசறி 15 நிமிடம் வைத்துப் பிழிந்து சேருங்கள். தக்காளியை அன்றன்று காலையில் நறுக்கிப் போடுவதே நல்லது. செர்ரி தக்காளியானால் முழுதாகப் போடலாம்.

குடமிளகாய், கேரட், ஸ்வீட் கார்ன், முட்டைக்கோஸ் ஆகியவை நான்கு நாளும் அசராமல் நிற்கும். பீன்ஸ், ப்ரோக்கோலியைக் கொதிநீரில் 2 நிமிடம் போட்டு எடுத்து, ஐஸ் தண்ணீரில் போட்டு, துணியால் ஒற்றிச் சேருங்கள். ஆனால் புளிப்பு பட்டு நேரம் போகப் போகப் பச்சை மங்கி, காக்கி நிறமாகும். சாப்பிடக் கெடுதல் இல்லை. கண்ணுக்கும் அழகாக வேண்டுமென்றால் தனியே வைத்துக் கடைசியில் கலந்துகொள்ளுங்கள். பச்சை வெங்காயம் ஒரே இரவில் டப்பா முழுவதும் நெடியைப் பரப்பும். மெல்லியதாக அரிந்து, 10 நிமிடம் வினிகரில் ஊறவைத்துப் பிழிந்து போடுங்கள். லெட்டூஸ், கீரை, அவகாடோ எல்லாம் சாப்பிடும் நாளில் மட்டுமே.

முட்டையின் மஞ்சள்கருவைச் சுற்றிப் பச்சை வளையம் வருகிறது, சாலட்டும் கலங்கலாகிறது.

அதிக நேரம் வெந்தால் வெள்ளைக்கருவின் கந்தகமும் மஞ்சள்கருவின் இரும்பும் சேர்ந்து அந்த வளையம் வரும். கொதிநீரில் போட்டு 10 நிமிடத்தில் எடுத்து உடனே ஐஸ் தண்ணீரில் போடுங்கள். முட்டையை ஓட்டோடு ஃப்ரிட்ஜில் வைத்து, அன்றைக்கு வேண்டியதை மட்டும் உரித்து மேலே வையுங்கள். கலங்கல் இருக்காது.

கொண்டைக்கடலைக்குப் பதில் ராஜ்மா போடலாமா? ஸ்லோ குக்கரில் வேகவைக்க நினைக்கிறேன்.

ராஜ்மா தாராளமாகப் போடலாம், புரதம் கிட்டத்தட்ட அதே அளவு. ஆனால் ஊறவைத்ததை நேராக ஸ்லோ குக்கரில் போடவே கூடாது. சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் வகை நச்சு ஒன்று உண்டு. நன்கு கொதித்தால்தான் அது அழியும். மிதமான சூட்டில் கிடந்தால் அழியாது, கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவெனக் கொதிக்க விட்டு, பிறகு மெத்தென்று ஆகும் வரை வேகவையுங்கள். டின் ராஜ்மா ஏற்கெனவே வெந்தது, பயமில்லை.

பருப்பு மாவில் செய்த பாஸ்தா வாங்கினேன். புரதம் இரட்டிப்பு என்று போட்டிருக்கிறது. சாலட்டில் உடைந்து உதிர்ந்துவிட்டது.

100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் புரதம் இருப்பது சரிதான். ஆனால் கோதுமை பாஸ்தாவைக் கட்டிப்பிடித்து வைத்திருக்கும் குளூட்டன் அதில் இல்லை. அதனால் மேலே சொன்ன ‘கூடுதல் நேரம்’ விதி இதற்குப் பொருந்தாது. பாக்கெட்டில் சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே எடுத்துக் கடித்துப் பாருங்கள், வெந்ததும் உடனே குளிர்ந்த நீரில் அலசுங்கள். நிறைய நுரைக்கும், பெரிய பாத்திரம் எடுங்கள். இரண்டு நாளுக்கு மேல் வைத்தால் வறண்டு உதிரும். நான்கு நாளுக்கு வேண்டுமென்றால் சாதாரண பாஸ்தாவும் கடலையுமே மேல் என்பது எங்கள் கருத்து.

எத்தனை நாள் வைக்கலாம்? மதியம் சூடாக்கிக்கொண்டால் வெளியே இருந்தாலும் பரவாயில்லைதானே?

ஃப்ரிட்ஜில் 4 டிகிரி அளவில் 3 முதல் 4 நாள். சூடாக்கிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வெந்த மாவுப் பண்டங்களில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீருக்கும் தப்பும். உணவு அறைச் சூட்டில் கிடந்தால் பெருகி, நஞ்சைச் சுரக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது.

எனவே வடித்த நேரத்திலிருந்து 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டும். அறை 32 டிகிரிக்கு மேல் இருந்தால் 1 மணி நேரம்தான். ஆழமான பாத்திரத்தில் குவித்து வைத்தால் நடுப்பகுதி மணிக்கணக்கில் ஆறாது. உயரம் குறைந்த டப்பாக்களில் பிரித்து வையுங்கள். வேலைக்கு எடுத்துப்போகும்போது, அங்கே ஃப்ரிட்ஜ் இல்லையென்றால், வெப்பம் புகாத பையில் உறைந்த ஐஸ் பேக்கோடு வையுங்கள். தயிரோ மயோனைஸோ கலந்திருந்தாலும் இதே விதிதான். அவற்றைப் பாஸ்தா முழுக்க ஆறிய பிறகே கலக்க வேண்டும், சூட்டில் சேர்த்தால் திரிந்துபோகும்.

ஃப்ரீசரில் வைக்கலாமா?

வேண்டாம். பாஸ்தா குழைந்துவிடும், காய்கள் நீராகிவிடும். வெந்த கடலையையும் கோழியையும் மட்டும் தனித்தனியாக ஃப்ரீசரில் வைத்து, முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜுக்கு மாற்றி உருகவிடுங்கள். காலையில் பாஸ்தா மட்டும் வேகவைத்தால் வேலை முடிந்தது.