தேறி வருபவரின் வீடு – கடிதம்

வணக்கம். மனச்சிதைவு நோய்க்காக மருத்துவமனையில் இருந்த என் தம்பி வீட்டுக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. குரல்கள் கேட்பது நின்றுவிட்டது. ஆனால் காலையில் பத்து மணி வரை தூங்குகிறான். எதிலும் நாட்டமில்லை. ஒரு வேலையும் செய்யவிடாமல் பூப்போலப் பார்த்துக்கொள்கிறோம். மாத்திரையை நாங்களே கொடுத்து, விழுங்கினானா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறோம். எப்போது பழையபடி ஆவான்? மாத்திரைக்குப் பதிலாகத் தியானம் பழக்கலாமா?

– ஒரு அக்கா

அன்புள்ள சகோதரி,

தியானம் இருக்கட்டும். மருத்துவரைக் கேட்காமல் ஒரு மாத்திரையைக்கூட நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் குரல்கள் திரும்பிவர வாய்ப்பு அதிகம். காலைத் தூக்கத்துக்கு மருந்தும் காரணமாக இருக்கலாம், அதையும் அவரிடமே கேளுங்கள். நாட்டமின்மையைச் சோம்பல் என்று திட்டிவிட வேண்டாம். அதுவும் நோயின் ஒரு பகுதி, மெதுவாகத்தான் விலகும்.

என்னை உறுத்தியது அந்த வாயைத் திறக்கச் சொல்வதுதான். இந்தக் கண்காணிப்பைப் பற்றித்தான் சில நாட்களாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் சித்தப்பா இதே நோயிலிருந்து தேறி வந்தபோது நான் பள்ளிக்கூடத்துப் பையன். அவர் கொஞ்சம் சத்தமாகச் சிரித்துவிட்டால் போதும், பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அவர் அதைக் கவனித்துவிடுவார். சிரிப்பு பாதியில் நின்றுபோகும். போகப்போகச் சிரிப்பதையே விட்டுவிட்டார். அதையும் நோயின் கணக்கில் எழுதினார்கள்.

மாலையில் அவருடைய நண்பர் ஒருவர் சதுரங்கம் ஆட வருவார். உடம்பு எப்படி, மாத்திரை போட்டாயா, ஒன்றும் கேட்க மாட்டார். சித்தப்பா காயைத் தொட்டுவிட்டு மாற்றி வைத்தால் மட்டும், "அழுகுணி ஆட்டம் ஆடாதே" என்று சண்டைக்கு வருவார். சித்தப்பாவும் விடமாட்டார், பதிலுக்குக் கத்துவார். அவரோடு சண்டை போடத் துணிந்த ஒரே ஆள் அந்த நண்பர்தான். சித்தப்பா வாய்விட்டுப் பேசியதும் அவரிடம்தான்.

1950களில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளரும் அவருடைய சகாக்களும் லண்டனில், மனநல மருத்துவமனையிலிருந்து வெளியே வந்த ஆண்களைக் கவனித்தார்கள். பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களைவிட, வாடகை அறையிலோ உடன்பிறந்தவர்கள் வீட்டிலோ தங்கியவர்கள் நன்றாக இருந்தார்கள். பிற்பாடு குடும்பத்தினரின் பேச்சைப் பதிவுசெய்து ஆராய்ந்தபோது, ஓயாத குறைகூறலும் வெறுப்பும் நோயைத் திரும்ப அழைப்பது தெரிந்தது. அந்தப் பட்டியலில் அளவுமீறிய அக்கறையும் இருந்தது. குடும்பம்தான் நோயை உண்டாக்குகிறது என்று இதற்குப் பொருளில்லை. அப்படி யார் சொன்னாலும் நம்பாதீர்கள். குடும்பங்களுக்குப் பயிற்சி கொடுத்தபோது நோய் திரும்புவது குறைந்தது என்பதும் பின்னால் வந்த ஆய்வுகளில் தெரிந்ததுதான்.

பூப்போல என்கிறீர்கள். வளர்ந்த மனிதர் அம்மா அவர்! கடிதம் முழுக்கத் தேடிப் பார்த்தேன், உங்கள் தம்பி என்ன சொல்கிறார் என்று ஒரு வரி இல்லை. உங்கள் பாசத்தில் எனக்குச் சந்தேகமே கிடையாது, ஆறு மாதமாக நீங்கள் சரியாகத் தூங்கியிருக்கவும் மாட்டீர்கள். ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வீட்டுக்கு உண்மையிலேயே தேவைப்படும் ஒரு வேலையை அவரிடம் கொடுங்கள். சரியாகச் செய்யாவிட்டால் அவர் முதுகுக்குப் பின்னால் போய் நீங்கள் திருத்தாதீர்கள். மாத்திரைப் பொறுப்பை எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக அவரிடம் விடுவது என்று அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது பேசுங்கள். அங்கே முதலில் அவர் பேசட்டும். அப்புறம், போன தடவை நோய் வருமுன் என்னென்ன மாறியது, தூக்கம் போனதா, யார்மீதாவது சந்தேகம் வந்ததா என்று அவரையே எழுதச் சொல்லுங்கள். மறுபடி அப்படி ஏதாவது தெரிந்தால் யாரிடம் முதலில் சொல்வது, உங்களிடமா, ஒரு நண்பரிடமா என்பதையும் அவரே முடிவு செய்யட்டும்.