கேள்வி பதில்: 'தெரியாது' என்பது ஒரு பதிலா?

கேள்வி: கடவுள் உண்டா இல்லையா என்று கேட்டால் என் நண்பன் 'தெரியாது' என்கிறான். நாத்திகன் என்று சொல்லிக்கொள்ளத் தைரியம் இல்லாத மதில்மேல் பூனைதானே இவன்?

பதில்: பூனையை விடுங்கள், பாவம். நீங்கள் ஒரு கேள்வி கேட்டதாக நினைக்கிறீர்கள், ஆனால் அதற்குள் இரண்டு இருக்கின்றன. கடவுள் இருப்பது உனக்குத் தெரியுமா என்பது ஒன்று, கடவுளை நம்புகிறாயா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குத் தெரியாது என்பவர் இரண்டாவதற்கு ஆமாம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். உங்கள் நண்பரிடம் இரண்டாவதைத் தனியாகக் கேட்டீர்களா?

இப்படித் 'தெரியாது' என்பவரைக் குறிக்கும் 'அக்னாஸ்டிக்' என்ற சொல்லை 1869இல் உருவாக்கியவர் தாமஸ் ஹக்ஸ்லி, டார்வினுக்காகப் பல மேடைகளில் மல்லுக்கு நின்ற விஞ்ஞானி. லண்டனில் அவர் இருந்த ஒரு விவாதச் சங்கத்தில் மற்ற எல்லோருக்கும் ஏதாவது ஒரு கொள்கைப் பெயர் இருந்ததாம், தனக்கு மட்டும் இல்லாமல் வாலறுந்த நரி மாதிரி இருந்ததாக அவரே பின்னால் எழுதினார். சரி, நமக்கும் ஒரு வால் இருக்கட்டும் என்று ஒட்டிக்கொண்டதுதான் அந்தச் சொல். அவருக்கு அது ஆத்திகத்துக்கும் நாத்திகத்துக்கும் நடுவில் போட்ட நாற்காலி அல்ல. ஆதாரம் இல்லாத ஒன்றை நிச்சயமாகத் தெரிந்ததுபோல் பேசக் கூடாது என்ற ஒழுங்கு, அவ்வளவுதான். அது இரண்டு பக்கத்தையும் உறுத்தும், அதனால்தான் இரண்டு பக்கமும் திட்டுகிறது.

கேள்வி: தெரியாது என்று சொல்லிக்கொண்டே ஒருவர் கும்பிட முடியுமா?

பதில்: ஏன் முடியாது? நம்பிக்கைக்கு இடம் விட வேண்டும் என்பதற்காகவே அறிவை விலக்க வேண்டியிருந்தது என்று 1787இல் எழுதினார் ஜெர்மானியத் தத்துவஞானி கான்ட். கடவுளை நிரூபிக்கச் சொல்லப்பட்ட வாதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப்போட்டவரும் அவர்தான், கடவுளைக் கைவிடாதவரும் அவர்தான். அவ்வளவு தூரம் போவானேன், ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் படைப்பைப் பற்றிய ஒரு பாடல் இருக்கிறது. இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று மேலே இருந்து பார்ப்பவனுக்குத் தெரிந்திருக்கும், ஒருவேளை அவனுக்கும் தெரியாதோ என்னவோ என்று முடிகிறது. வேதத்துக்குள்ளேயே!

கேள்வி: ஆங்கிலத் தத்துவஞானி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் நாத்திகரா, இல்லையா?

பதில்: கேட்பவர் யார் என்பதைப் பொறுத்தது. தத்துவக்காரர்கள் கேட்டால் அக்னாஸ்டிக், தெருவில் போகிறவர் கேட்டால் நாத்திகன் என்று 1947இல் அவரே விளக்கினார். சியூஸ், பொசைடன் போன்ற பழைய கிரேக்கத் தெய்வங்கள் இல்லை என்று கறாராக நிரூபிக்க முடியாது, அதற்காக அவர்கள் இருக்கலாமோ என்று யாரும் தூக்கம் கெடுவதில்லையே என்பது அவர் வாதம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. தெரியாது என்றால் ஐம்பதுக்கு ஐம்பது என்று அர்த்தமில்லை.

கேள்வி: நாத்திகமும் ஒரு மதம்தானே?

பதில்: எந்த நாத்திகம்? பழைய இந்தியத் தத்துவ நூல்களில் நாத்திகர் என்றால் பெரும்பாலும் வேதத்தை ஏற்காதவர். அதனால் சமணரும் பௌத்தரும் அந்தப் பட்டியலில் வருகிறார்கள். படைத்தவன் என்று ஒருவன் தேவையில்லை என்ற மீமாம்சகர்களோ (வேதச் சடங்குகளுக்கு விளக்கம் சொன்ன தத்துவப் பிரிவினர்) வேதத்தை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டதால் ஆத்திகர்கள்! அப்புறம், கடவுளே இல்லாத மதம் இருக்கலாம் என்று இதிலிருந்து தெரிகிறது, கடவுள் மறுப்பு மட்டுமே ஒரு மதமாகிவிடும் என்று தெரியவில்லை.

கேள்வி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், நீங்கள் எந்தக் கட்சி?

பதில்: தெரியுமா என்றால் தெரியாது. நம்புகிறேனா என்றால் இல்லை. மகள் காய்ச்சலில் கிடந்த ஓர் இரவு வேண்டிக்கொண்டது உண்டு. யாரிடம் என்று கேட்டுவிடாதீர்கள்.