மேட்டில் இழுக்காத பழைய ஆல்டோ: எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

உங்கள் கேள்வியின் சுருக்கம் இது: 2007 ஆல்டோ, லட்சம் கிலோமீட்டர் தாண்டியது. சமவெளியில் ஒப்பேற்றிவிடுகிறது, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது இரண்டாவது கியரிலேயே திணறுகிறது. பிளக்கும் ஏர் ஃபில்டரும் மாற்றியாயிற்று, பலனில்லை.

இனி எந்த பார்ட்ஸும் வாங்காதீர்கள். முதலில் இஞ்சினுக்கே சக்தி குறைந்துவிட்டதா, இல்லை இஞ்சின் கொடுப்பது சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லையா என்று பிரித்துப் பாருங்கள். இதற்குச் செலவே கிடையாது. காலியான நேர் ரோட்டில் நான்காவது கியரில் 40-ல் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். இஞ்சின் சத்தம் சட்டென்று எகிறி, வண்டி மட்டும் மெதுவாக வேகமெடுத்தால் கிளட்ச் வழுக்குகிறது. ஆர்பிஎம் மீட்டர் (இஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டுவது) இல்லாவிட்டால் காதுதான் மீட்டர். அப்புறம் கொஞ்ச தூரம் ஓட்டி, கடைசியில் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் நிறுத்தி, நான்கு சக்கரத்துக்குப் பக்கத்திலும் கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் பிடித்தபடியே ஓடுகிறது.

இரண்டும் சரி என்றால் குறை இஞ்சின் பக்கம். மெதுவாகப் போகும்போது நன்றாக இருந்து, முழு ஆக்சிலரேட்டரில் மட்டும் விட்டு விட்டு இழுத்தால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். பெட்ரோல் ஃபில்டர் அடைத்திருக்கும், இல்லையேல் பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கும். கேஜ் மாட்டி அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். இந்த மாதிரி எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியே பெட்ரோலைப் பீய்ச்சும்) இஞ்சினில் ஏறக்குறைய 3 பார் இருக்க வேண்டும். கேஜ் வைக்காமல் "பம்ப் போச்சு சார்" என்றால் நம்ப வேண்டாம்.

பலர் கடைசியில் பார்ப்பதும், இந்த வயது வண்டியில் நான் முன்னாடியே பார்ப்பதும் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர். சைலன்சர் குழாயில் வரும் அந்த டப்பாவுக்குள் தேனடை மாதிரி பீங்கான் இருக்கும். பிளக்கோ, அதற்கு மின்சாரம் தரும் காயிலோ சரியில்லாமல், ஏதாவது சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் போகும் மிஸ்ஸிங்கோடு நாள்கணக்கில் ஓடினால், எரியாத பெட்ரோல் அங்கே போய் எரிந்து பீங்கானையே உருக்கிவிடும். புகை வெளியே போக வழியில்லாவிட்டால் புதுக் காற்று எப்படி உள்ளே வரும்? வண்டி ஆறியதும் அந்த டப்பாவை ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். உள்ளே கலகலவென்றால் பீங்கான் நொறுங்கியிருக்கிறது. சத்தம் வராவிட்டாலும் அடைப்பு இல்லை என்று முடிவு கட்ட முடியாது. கன்வர்ட்டருக்கு முன்னாலுள்ள ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றிவிட்டு ஒரு சின்ன ரவுண்டு போய்ப் பார்க்கலாம். காது கிழியும், செக் இஞ்சின் லைட்டும் எரியும். ஆனால் பிக்கப் திரும்பி வந்தால் ஆள் அகப்பட்டான். இஞ்சின் காற்றை உறிஞ்சும் வலுவைக் காட்டும் வேக்குவம் கேஜ் உள்ள மெக்கானிக் கிடைத்தால் இன்னும் நல்லது. ஐடிலில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) காட்டி, 2,500 ஆர்பிஎம்மில் பிடித்து வைக்கும்போது முள் மெல்ல மெல்ல இறங்கினால் அடைப்பு உறுதி. மிஸ்ஸிங்கைச் சரிசெய்யாமல் புது கன்வர்ட்டர் போட்டால் அதுவும் சீக்கிரமே போய்விடும்.

வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட்டைச் சமீபத்தில் மாற்றினீர்களா? ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஐடிலும் நிற்கும், இழுவை மட்டும் இருக்காது. பெல்ட் ஓடும் சக்கரங்களிலுள்ள மார்க் சேர்கிறதா என்று பார்ப்பது அரை மணி நேர வேலை.

இன்னொன்று, குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். டர்போ இல்லாத எந்த இஞ்சினுக்கும் ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் அளவில் சக்தி குறையும். 796 சிசி வண்டியில் ஐந்து பேர் ஏறி, ஏசியும் ஓடினால் கொண்டை ஊசி வளைவில் முதல் கியர் போடத்தான் வேண்டும். அது நோய் இல்லை. முன்பு அதே ரோட்டில், அதே ஆட்களோடு எப்படி ஏறியது என்பதோடு ஒப்பிடுங்கள்.

இத்தனைக்கும் பிடிபடாவிட்டால், ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட். மூன்று பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி பார்க்க வேண்டும். ஒரு சிலிண்டர் மட்டும் குறைவாக இருந்தால் அதில் ஒரு ஸ்பூன் இஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். வால்வு, கேஸ்கட் என்றால் ஹெட்டைக் கழற்றுவதோடு வேலை முடியும், செய்துவிடலாம். ரிங் என்றால் இஞ்சினையே பிரிக்க வேண்டும். எஸ்டிமேட் வாங்கி, வண்டி இன்று என்ன விலைக்குப் போகும் என்றும் விசாரித்துவிட்டு அப்புறம் முடிவெடுங்கள்.